கூடம் கோணலா? கணினித் திரையின் வேகமும் விளையாட்டின் வரலாறும்



கடந்த ஆண்டு படிவம் 4 வகுப்பில் விவாதக் கட்டுரைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ‘கணினி விளையாட்டு மாணவர்களுக்கு நன்மையா, தீமையா’ என்பது தலைப்பு. கருத்துச் சொல்லுங்கள் என்றதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், “டீச்சர், நேத்து மேட்ச்ல தோத்துட்டோம். என் ஸ்கிரீன் அறுபதுதான், அவங்களோடது நூத்து நாப்பத்து நாலு. எப்படி ஜெயிக்கிறது?” என்றான்.

நான் யோசிக்கவே இல்லை. “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது. அறுபது என்றால் என்ன, நூற்று நாற்பத்து நான்கு என்றால் என்ன என்று எனக்கே தெரியாது. தெரியாத விஷயத்தில் ஒரு பழமொழியைச் சொல்லி ஒரு மாணவனின் வாயை அடைத்திருக்கிறேன். அந்த உறுத்தலில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, விளையாட்டு வரலாற்றில் கூடம் பல முறை உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டாவது, அந்தக் கூடம் நெடுங்காலம் ஆட்டத்துக்காகக் கட்டப்படவே இல்லை. மின்சாரம், தொலைக்காட்சி, அலுவலகம், முப்பரிமாணக் கண்ணாடி என்று வேறு வேறு காரணங்களுக்காகக் கட்டப்பட்ட கூடத்தில்தான் விளையாட்டு வந்து ஆடியது. அந்தக் கதையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

சிறு வயதில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றி மாற்றிப் படம் வரைந்து, பிறகு வேகமாகப் புரட்டிப் பார்த்திருப்போம். குச்சி மனிதன் ஓடுவான். கணினித் திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு விநாடிக்கு எத்தனை முறை திரை தன் படத்தை மாற்றி வரைகிறதோ, அதுவே அதன் புதுப்பிப்பு வீதம். மாணவர்கள் ரிஃப்ரெஷ் ரேட் என்று சொல்வது இதைத்தான். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் பெயரால் அமைந்த ‘ஹெர்ட்ஸ்’ இதன் அலகு. 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றும். 144 ஹெர்ட்ஸ் திரை 144 முறை மாற்றும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு எண் இருக்கிறது. கணினி ஒரு விநாடிக்கு எத்தனை படங்களை உருவாக்குகிறது என்பது பிரேம் வீதம். உணவகத்தில் சமையற்காரர் தோசை சுடுகிறார், பரிமாறுபவர் மேசைக்குக் கொண்டு வருகிறார். சுடும் வேகம் பிரேம் வீதம். கொண்டு வரும் வேகம் புதுப்பிப்பு வீதம். பரிமாறுபவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் தோசை தயாராகவில்லை என்றால் பயனில்லை. தோசை குவிந்து கிடந்தாலும் பரிமாறுபவர் மெதுவாக வந்தால் அப்போதும் பயனில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளையாட்டின் வேகம் புரியும்.

மின்கம்பியிலிருந்து வந்த எண்

ஏன் 60? கண் மருத்துவர்களோ விளையாட்டு வல்லுநர்களோ கூடிப் பேசி முடிவு செய்த எண் அல்ல இது. மின்சாரத்திலிருந்து வந்தது.

மாறுதிசை மின்சாரம் ஒரு விநாடிக்கு இத்தனை முறை என்று திசை மாறி மாறி ஓடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் வேரூன்றியது. ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸ் வேரூன்றியது. பிரிட்டனும் 50ஐ நிலையாக ஏற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றுவரை வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 1936இல் லண்டனின் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்றைய திரை படக்குழாய் வகை. குழாயின் பின்புறத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் கதிர் புறப்பட்டு, திரையின் உட்பூச்சின் மீது இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாக ஓடும். கதிர் பட்ட இடம் கணநேரம் ஒளிரும். இந்தக் கதிரின் வேகமும் வீட்டு மின்சாரத்தின் வேகமும் ஒத்துப் போகவில்லை என்றால் மின்சாரத்தின் குறுக்கீட்டால் திரையில் பட்டைகள் ஊர்ந்து போகும். அதனால் பொறியாளர்கள் மின்சாரத்தின் எண்ணையே தொலைக்காட்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் விநாடிக்கு 50 முறை. 1941இல் தன் முறையை வகுத்த அமெரிக்காவில் விநாடிக்கு 60 முறை.

இதில் ஒரு சிக்கனமும் இருந்தது. ஒரு முறை ஒற்றைப்படை வரிகளை மட்டும் வரைவார்கள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகளை வரைவார்கள். அரைப் படம், அரைப் படமாக வந்தாலும் கண்ணுக்கு முழுப் படமாகவே தெரியும். ஆக, உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் 60, மறுபக்கம் 50. அமெரிக்காவும் ஜப்பானும் 60 பக்கம். பிரிட்டன், ஐரோப்பாவின் பெரும்பகுதி, ஆஸ்திரேலியா, 1963இல் தொலைக்காட்சி தொடங்கிய நம் இரு நாடுகள் எல்லாம் 50 பக்கம். அப்போது வீட்டுக்குள் வீடியோ விளையாட்டு என்ற ஒன்று வரவே இல்லை. ஆனால் அது ஆடப்போகும் கூடத்தின் அளவு முடிவாகிவிட்டது.

கதிரோடு ஓடிய விளையாட்டுகள்

1970களில் விளையாட்டுக் கருவிகள் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் பொருத்தப்பட்டன. 1977இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். ஒரு முழுத் திரைப் படத்தைச் சேமித்து வைக்க அதில் இடமே இல்லை. அதனால் நிரலாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கதிர் ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும்போதே அந்த வரியில் என்ன வர வேண்டும் என்பதைக் கருவிக்குச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒரு வரிக்குக் கிடைத்த நேரம் செயலியின் 76 துடிப்புகள் மட்டுமே. கதிர் கீழே முடித்துவிட்டு மறுபடி மேலே திரும்பும் சின்ன இடைவெளியில்தான் மதிப்பெண் கணக்கு, மோதல் கணக்கு எல்லாம் நடக்கும். அதாவது, திரையின் துடிப்புதான் விளையாட்டின் கடிகாரம். வேறு கடிகாரமே கிடையாது என்று சொல்லலாம்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதற்கு அழகான எடுத்துக்காட்டு. திரையில் 5 வரிசை, வரிசைக்கு 11 பேர் என்று 55 எதிரிகள். திரை ஒரு முறை புதுப்பிக்கப்படும்போது ஓர் எதிரி மட்டுமே நகரும். 55 பேரும் ஓர் அடி நகர 55 புதுப்பிப்புகள், அதாவது ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் அரை விநாடியில் எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். கடைசியாக மிஞ்சும் ஒருவன் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் நகர்வான், தலைதெறிக்க ஓடுவான். எதிரி குறையக் குறைய ஆட்டம் சூடு பிடிக்கும் இந்தச் சுவாரசியம் முதலில் திட்டமிட்டது அல்ல. வன்பொருளின் வரம்பிலிருந்து தானாக வந்தது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவைத்தார். அதுவே ஆட்டத்தின் உயிர் ஆனது.

50க்கும் 60க்கும் இடையே

இப்போது பிரச்சினை எங்கே வரும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 துடிப்புக்கு எழுதிய விளையாட்டை 50 துடிப்புத் திரையில் ஓட்டினால் என்ன ஆகும்?

கடிகாரமே மெதுவாகிவிடும். 60க்கு 50 என்றால் ஆறில் ஐந்து பங்கு வேகம். ஏறக்குறைய 17 விழுக்காடு குறைவு. 60 விநாடியில் முடிய வேண்டிய ஓட்டம் 72 விநாடி எடுக்கும். 1991இல் வெளிவந்த ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ வேகத்துக்காகவே புகழ் பெற்ற விளையாட்டு. அந்த நீல முள்ளெலி 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் மெதுவாகவே ஓடியது. பின்னணி இசைகூட இழுத்துப் பாடியது. அது மட்டுமா? 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சியில் வரிகளின் எண்ணிக்கை அதிகம். குறைந்த வரிகளுக்காக வரைந்த படம் திரையை நிரப்பாமல், மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளோடு சப்பையாகத் தெரிந்தது.

இந்த 50 ஹெர்ட்ஸ் வண்ணத் தொலைக்காட்சி முறைக்கு ‘பால்’ என்று பெயர். வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கட்டாயம் சிரிப்பார்கள். குடிக்கும் பால் அன்று, ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த சுருக்கப்பெயர். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கியது. சிங்கப்பூரில் 1974இலும் மலேசியாவில் 1978இலும் வண்ண ஒளிபரப்பு வந்தபோது இந்த முறையே பின்பற்றப்பட்டது.

சில நிறுவனங்கள் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்காக வேகத்தைத் திருத்தி வெளியிட்டன. பல நிறுவனங்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1999இல் ஐரோப்பாவுக்கு வந்த டிரீம்காஸ்ட் கருவியின் பல விளையாட்டுகளில்தான் ‘50 வேண்டுமா, 60 வேண்டுமா’ என்று ஆட்டம் தொடங்கும் முன் கேட்கும் வசதி பரவலானது. ஒரே விளையாட்டு, ஒரே விலை, ஆனால் பிறந்த நாட்டின் மின்கம்பியைப் பொறுத்து வேறு வேகம். ‘என் திரை மெதுவானது’ என்று அந்தக் காலத்துச் சிறுவன் ஒருவன் சொல்லியிருந்தால் அது சாக்கு அல்ல, எண்ணால் நிரூபிக்கக்கூடிய உண்மை.

அலுவலகக் கண்களுக்காக

கணினித் திரையின் கதை கொஞ்சம் வேறு. 1987இல் ஐபிஎம் நிறுவனம் கொண்டுவந்த விஜிஏ முறையில் 640க்கு 480 புள்ளிப் படம் 60 ஹெர்ட்ஸில் ஓடும். எழுத்து முறையும் விளையாட்டுகள் அதிகம் பயன்படுத்திய 320க்கு 200 புள்ளி முறையும் 70 ஹெர்ட்ஸில் ஓடும். 1993இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டு விநாடிக்கு 35 பிரேம் என்ற கணக்கில் ஓடியது. ஏன் 35? 70இல் பாதி. திரை இரண்டு முறை புதுப்பிக்கும்போது விளையாட்டு ஒரு முறை நகரும். இங்கேயும் கூடம்தான் தாளத்தை முடிவு செய்தது.

அடுத்த உயர்வுக்குக் காரணம் அலுவலகம். நாள் முழுக்கப் படக்குழாய்த் திரை முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ் மினுமினுப்பு கண் வலியும் தலைவலியும் தந்தது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் படிக்கும்போது அது இன்னும் மோசம். அதனால் 72, 75, 85 என்று திரைகளின் வீதம் ஏறியது. நல்ல படக்குழாய்த் திரைகளில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் 100, 120 ஹெர்ட்ஸ்கூடக் கிடைத்தது.

இதை விளையாட்டாளர்கள் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1999இல் ‘குவேக் 3 அரீனா’ வந்தது. அதே ஆண்டு ‘கவுண்டர்-ஸ்டிரைக்’கின் முதல் சோதனைப் பதிப்பும் வந்தது. சைபர் கஃபேக்களில் பள்ளிப் பையுடன் உட்கார்ந்த தலைமுறைக்கு இந்தப் பெயர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குவேக் 3இல் ஒரு வேடிக்கை உண்டு. விநாடிக்கு 125 பிரேம் என்று வைத்தால் வீரர் கொஞ்சம் அதிக உயரம் குதிக்க முடிந்தது. 125 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குச் சரியாக 8 மில்லிவிநாடி. விளையாட்டின் உள்கணக்கு எண்களை முழு எண்ணாக மாற்றும்போது ஏற்பட்ட சின்னப் பிழை, இந்த வேகத்தில் வீரருக்குச் சாதகமாகக் கூடிவந்தது. வேகமான கணினி வைத்திருந்தவரால் ஏற முடிந்த மேடையில், மற்றவரால் ஏற முடியவில்லை. இதுவும் கோணல் கூடம்தானே?

தட்டைத் திரை வந்தது, வேகம் போனது

வரலாறு எப்போதும் மேல்நோக்கியே ஏறும் என்று நாம் நினைக்கிறோம். 2000களில் நடந்தது அதற்கு நேர்மாறு. எல்சிடி என்னும் தட்டைத் திரை வந்தது. மேசையில் இடம் மிச்சம், எடை குறைவு, மின்சாரமும் குறைவு. மினுமினுப்புத் தொல்லையும் இல்லை. அலுவலகங்களும் பள்ளிகளும் சந்தோஷமாக மாறின. ஆனால் இந்தத் திரைகள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றன. 85, 100 என்று பழகிய கைக்கு இது ஓர் இறக்கம்.

இன்னொரு குறையும் இருந்தது. படக்குழாயில் ஒரு புள்ளி கணநேரம் ஒளிர்ந்து அணைந்துவிடும். எல்சிடியில் அடுத்த படம் வரும் வரை பழைய படம் அப்படியே நிற்கும். நம் கண் நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதால், நின்றுபோன படம் இழுபட்டு மங்கலாகத் தெரியும். தொடக்க காலத் திரைகளில் புள்ளியின் நிறம் மாறுவதற்கே அதிக நேரம் ஆனதால், ஓடுபவருக்குப் பின்னால் ஒரு வால்கூடத் தெரிந்தது. இதனால் பல தீவிர விளையாட்டாளர்கள் கனமான பழைய படக்குழாய்த் திரையைத் தூக்கிக்கொண்டே போட்டிக்குப் போனார்கள். 2001இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ விளையாட்டின் போட்டிகளில் இன்றும் படக்குழாய்த் தொலைக்காட்சிகளைப் பார்க்கலாம். பழைமை மோகம் அல்ல. பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையே தாமதம் மிகக் குறைவு என்பதே காரணம்.

முப்பரிமாணக் கண்ணாடி கொடுத்த பரிசு

எல்சிடி திரை 60ஐத் தாண்டியது எப்படி? இதற்கும் விளையாட்டு வேகம் முதல் காரணம் அல்ல. 2009இல் என்விடியா நிறுவனம் முப்பரிமாணக் காட்சிக்கான ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தது. அந்தக் கண்ணாடி இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மறைக்கும். ஒவ்வொரு கண்ணுக்கும் 60 படம் வேண்டும் என்றால் திரை 120 காட்ட வேண்டும். அதற்காகவே சாம்சங்கும் வியூசோனிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரைகளை வெளியிட்டன. முப்பரிமாண மோகம் சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடியவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: அட, ஆட்டம் எவ்வளவு வழவழப்பாக ஓடுகிறது!

அதன் பிறகுதான் கூடத்தை ஆட்டத்துக்காகவே கட்டத் தொடங்கினார்கள். 2012ஆம் ஆண்டு வாக்கில் 144 ஹெர்ட்ஸ் திரைகள் வந்தன. 2013இல் என்விடியா ஜி-சிங்க் என்ற முறையை அறிவித்தது. 2014இல் ஏஎம்டி நிறுவனம் ஃபிரீசிங்க் முறையைக் காட்டியது. இதற்கு முன் கணினி ஒரு படத்தை அனுப்பும்போது திரை பழைய படத்தைப் பாதி வரைந்திருந்தால், மேலே ஒரு படமும் கீழே ஒரு படமுமாகத் திரை கிழிந்ததுபோல் தெரியும். கிழிசலைத் தடுக்க விளையாட்டைக் காக்க வைத்தால் தாமதம் கூடும். புதிய முறையில், படம் தயாரானதும் திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதுவரை விளையாட்டுதான் திரைக்காகக் காத்திருந்தது. இப்போது திரை விளையாட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. 1936இலிருந்து பார்த்தால் இது பெரிய திருப்பம்.

2017ஆம் ஆண்டு வாக்கில் 240 ஹெர்ட்ஸ், 2020இல் 360 ஹெர்ட்ஸ், 2023இல் 540 ஹெர்ட்ஸ் என்று எண் ஏறிக்கொண்டே போனது. சிங்கப்பூரரான டான் மின்-லியாங் இணைந்து நிறுவிய ரேசர் நிறுவனம் 2017இல் 120 ஹெர்ட்ஸ் கைப்பேசியை வெளியிட்டது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கருவிகளும் 120 ஹெர்ட்ஸ் வரை போயின.

எண் உயர உயர என்ன கிடைக்கிறது?

மாணவர்களே, இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1000ஐப் புதுப்பிப்பு வீதத்தால் வகுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எத்தனை மில்லிவிநாடி என்று கிடைக்கும்.

60 ஹெர்ட்ஸ்: 16.7 மில்லிவிநாடி
144 ஹெர்ட்ஸ்: 6.9 மில்லிவிநாடி
240 ஹெர்ட்ஸ்: 4.2 மில்லிவிநாடி
360 ஹெர்ட்ஸ்: 2.8 மில்லிவிநாடி
540 ஹெர்ட்ஸ்: 1.9 மில்லிவிநாடி

60இலிருந்து 144க்குப் போனால் ஏறக்குறைய 10 மில்லிவிநாடி மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சம் 3கூட இல்லை. 360இலிருந்து 540க்கு 180 ஹெர்ட்ஸ் கூட்டியும் மிச்சம் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. எண் பெரிதாகத் தாவுகிறது, பயன் சிறிதாகிக்கொண்டே வருகிறது. கடைக்காரர் எண்ணைச் சொல்வார். மில்லிவிநாடியை நாம்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

10 மில்லிவிநாடி பெரிதா, சிறிதா? கண்ணால் பார்த்துக் கையால் பொத்தானை அமுக்க மனிதனுக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். அதற்கு முன் 10 சிறியதுதான். ஆனால் 100 மீட்டர் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். விநாடிக்கு 10 மீட்டர் ஓடுபவர் 10 மில்லிவிநாடியில் 10 சென்டிமீட்டர் கடப்பார். புதிதாக ஓடப் பழகும் மாணவருக்கு அந்த 10 சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. சம பலமுள்ள இருவர் கடைசிக் கோட்டை நெருங்கும்போது அதுவே பதக்கத்தைத் தீர்மானிக்கும்.

மங்கலும் குறையும். 1920 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு பொருள் ஒரு விநாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 ஹெர்ட்ஸில் அது ஒவ்வொரு முறையும் 32 புள்ளி தாவும். 144இல் சுமார் 13 புள்ளி, 240இல் 8 புள்ளி. தாவல் சிறிதானால் ஓடும் எதிரியைக் குறி வைப்பது எளிது. அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் கிளேபூல் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இந்தத் திசையையே காட்டுகிறது. சுடும் விளையாட்டுகளில் விநாடிக்கு 60 வரையான பிரேம் வீதங்களைச் சோதித்தார்கள். படத்தின் துல்லியத்தைவிடப் பிரேம் வீதமே ஆட்டத்திறனை அதிகம் பாதித்தது. எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தாது. சதுரங்கம் ஆடுபவருக்கு 60 போதும். சுடுதல், சண்டை, கார்ப் பந்தயம் போன்றவற்றில்தான் வித்தியாசம் தெரியும்.

அதுவும் மற்ற கண்ணிகள் சரியாக இருந்தால்தான். கணினி விநாடிக்கு 70 பிரேம் மட்டுமே உருவாக்கும் என்றால் 240 ஹெர்ட்ஸ் திரையால் முழுப் பயன் இல்லை. இணைய இணைப்பு 80 மில்லிவிநாடி தாமதித்தால், திரையில் மிச்சம் பிடித்த 10 அங்கே கரைந்துபோகும்.

மீண்டும் அந்த மாணவன்

இதையெல்லாம் படித்த பிறகு அவனை அழைத்துப் பேசினேன். “அன்னிக்கு நான் தெரியாம சொல்லிட்டேன்பா. நீ சொன்னதுல உண்மை இருக்கு” என்றேன். அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். அவன் அம்மா கஷ்டப்பட்டுச் சம்பாதிப்பவர் என்பது எனக்குத் தெரியும். புதுத் திரை வாங்கித் தரச் சொல்லி வீட்டில் சண்டை போட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு பள்ளி விடுமுறையில் வேலை செய்து, பழைய 144 ஹெர்ட்ஸ் திரை ஒன்றைத் தானே வாங்கினான். “சூப்பர் டீச்சர், பயங்கர வித்தியாசம்!” என்றான். மூன்று வாரம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “டீச்சர், செட்டிங்ஸ்ல பார்த்தேன். இவ்வளவு நாளும் அறுபதுலயே ஓடியிருக்கு.” இருவரும் சிரித்துவிட்டோம். புதுத் திரையைப் பொருத்தினால் மட்டும் போதாது, கணினியின் அமைப்புகளில் வீதத்தை மாற்ற வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. மாற்றிய பிறகு உண்மையான வித்தியாசத்தைப் பார்த்தான். “குறி வைக்கிறது ஈசியா இருக்கு டீச்சர். ஆனா அந்த மூணு வாரம் நான் நல்லா ஆடினது பிராக்டிஸாலதான் போல” என்றான்.

நான் எழுத வேண்டிய முடிவுரையை அவனே சொல்லிவிட்டான். பழமொழி பொய் அல்ல. ஆடத் தெரிய வேண்டும். ஆனால் கூடம் கோணலா இல்லையா என்று அளந்து பார்க்காமலேயே அந்தப் பழமொழியைச் சொல்வது ஆசிரியருக்கு அழகல்ல. 50 ஹெர்ட்ஸ் நாட்டுச் சிறுவர்கள் மெதுவான ஆட்டத்தை ஆடியது அவர்கள் குற்றம் அல்ல. அதேபோல், 540 என்ற எண்ணுக்காக வீட்டுச் செலவில் கை வைப்பதும் அறிவு அல்ல. மாணவர் ஒரு காரணம் சொன்னால், அது சாக்கா, உண்மையா என்று சேர்ந்து அளந்து பார்ப்போம். அதற்கு வரலாறும் வகுத்தல் கணக்கும் போதும்.

வகுப்பறைக்குச் சில வினாக்கள்

1. மின்சாரத்தின் அதிர்வெண் தொலைக்காட்சியையும், தொலைக்காட்சி விளையாட்டையும் எவ்வாறு பாதித்தது? காரணம், விளைவு எனப் பிரித்து எழுதுக.

2. ‘தொழில்நுட்பம் எப்போதும் முன்னோக்கியே செல்கிறது.’ எல்சிடி திரையின் வருகையைச் சான்றாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

3. 165 ஹெர்ட்ஸ் திரையில் இரு படங்களுக்கிடையே உள்ள நேரத்தைக் கணக்கிடுக. 144 ஹெர்ட்ஸ் வைத்திருப்பவர் இதற்கு மாறுவது பயனுள்ளதா? உங்கள் கருத்தை விளக்குக.

4. ‘போட்டியில் கருவி முக்கியமா, பயிற்சி முக்கியமா?’ என்னும் தலைப்பில் 200 சொற்களில் விவாதக் கட்டுரை எழுதுக.